பெரிய பெயரா, நீண்ட காலமா? சென்னை மாணவருக்கான இன்டர்ன்ஷிப் வழிகள்: ஓர் ஒப்பீடு

பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டை முடிக்கப்போகும் ஒரு மாணவருக்குச் சென்னையில் இன்டர்ன்ஷிப் செய்ய நான்கு வழிகள் இருக்கின்றன. கோடை விடுமுறையில் இரண்டு முதல் ஆறு வாரம் வரை ஒரு பெரிய நிறுவனத்தில் பயிற்சி பெறலாம். கல்லூரி நடக்கும் காலத்திலேயே, வகுப்பில்லாத அரைநாட்களில், ஒரு சிறிய நிறுவனத்தில் மூன்று நான்கு மாதம் தொடர்ந்து வேலை பழகலாம். தரமணி, அடையாறு, கிண்டி வட்டாரத்து ஆய்வு நிறுவனம் ஒன்றில் கோடைக்கால ஆய்வுப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கலாம். அல்லது, படிக்கும்போது பாடத்திட்டம் கேட்கும் அளவை மட்டும் நிறைவு செய்துவிட்டு, பட்டம் பெற்ற பிறகு ஓராண்டு அப்ரெண்டிஸாக, அதாவது உதவித்தொகை பெறும் தொழில் பழகுநராகச் சேரலாம். இந்த நான்கையும் மாணவர்களும் பெற்றோரும் பெரும்பாலும் நிறுவனத்தின் பெயரையும் மாதம் கிடைக்கும் ஸ்டைபண்டையும் (உதவித்தொகை) வைத்தே எடைபோடுகிறார்கள். இரண்டும் பொருட்படுத்த வேண்டியவைதாம். ஆனால் வேலைக்கான திறன் என்று எதைச் சொல்கிறோமோ அது இவற்றால் வருவதில்லை. மாணவர் செய்த வேலையை அங்கே ஒருவர் உட்கார்ந்து பார்த்து, குறை சொல்லி, திருத்திக்கொண்டு வரும்படி திருப்பிக் கொடுக்கிறாரா, அப்படி எத்தனை முறை நடக்கிறது என்பதைப் பொறுத்தே அது வருகிறது. இந்தக் கட்டுரை நான்கு வழிகளையும் அந்த ஒரு கேள்வியை வைத்தே ஒப்பிடுகிறது.

விதிகள் கேட்பது எவ்வளவு?

பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்டுள்ள இளநிலை இன்டர்ன்ஷிப் வழிகாட்டுதல்கள், நான்காம் செமஸ்டருக்குப் பிறகு 60 முதல் 120 மணி நேரப் பயிற்சியைக் கேட்கின்றன. 30 மணி நேரத்துக்கு ஒரு கிரெடிட் (பட்டத்துக்குச் சேரும் மதிப்பு அலகு) என்பது கணக்கு. அந்த வழிகாட்டுதல்களுக்கு அடிப்படையான தேசியக் கல்விக் கொள்கையைத் தமிழ்நாடு அரசு ஏற்கவில்லை என்றாலும், இங்குள்ள கலை அறிவியல் பாடத்திட்டங்கள் பலவற்றிலும் இரண்டாம் ஆண்டுக் கோடையில் ஒரு பயிற்சி இடம்பெற்றிருக்கிறது. பொறியியல் பக்கம், அண்ணா பல்கலைக்கழகத்தின் விதிமுறைகள் இரண்டு வாரப் பயிற்சிக்கு ஒரு கிரெடிட், நான்கு வாரத்துக்கு இரண்டு, ஆறு வாரத்துக்கு மூன்று என்று வகுத்திருக்கின்றன.

120 மணி நேரம் என்பது முழுநேரமாகப் பார்த்தால் மூன்று வாரம். அந்த மூன்று வாரத்தில் அடையாள அட்டை, கணினியில் உள்நுழையும் அனுமதி, பாதுகாப்பு விதிகள் பற்றிய வகுப்பு, துறைகளைச் சுற்றிக் காட்டுதல் ஆகியவற்றுக்கே ஒரு வாரம் போய்விடும். கடைசி இரண்டு மூன்று நாட்கள் அறிக்கை தயாரிக்கவும் கையெழுத்து வாங்கவும் சரியாக இருக்கும். எஞ்சும் ஏழெட்டு நாட்களில் ஒரு வேலையை ஒரு தடவை செய்து பார்க்கலாம். செய்த தவற்றைத் திருத்தி இரண்டாம் தடவை செய்ய நேரமிருக்காது. ஆகவே பாடத்திட்டம் சொல்லும் மணிக்கணக்கை மதிப்பெண்ணுக்கான குறைந்தபட்ச அளவாக மட்டுமே கொள்ள வேண்டும். அவ்வளவு நேரம் இருந்துவிட்டால் தொழில் கைவந்துவிடும் என்று அந்த விதிகளும் எங்கும் சொல்லவில்லை.

கல்லூரிகளில் பயிற்சி அறிக்கைகளை மதிப்பிடுபவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். பெரும்பாலான அறிக்கைகளில் முதல் பதினைந்து பக்கங்கள் நிறுவனத்தின் வரலாறு, அதன் கிளைகள், நிர்வாக அமைப்புப் படம், தயாரிப்புகளின் பட்டியல் என்று நிறுவனத்தின் இணையதளத்திலிருந்து வந்தவையாக இருக்கும். மாணவர் அங்கே என்ன செய்தார் என்பது கடைசிப் பகுதியில் அரைப் பக்கத்தில் அடங்கிவிடும். அந்த அரைப் பக்கத்தை ஐந்து பக்கமாக்கக்கூடிய இடம் எது என்று தேடுவதே தேர்வின் சாரம்.

பெரிய நிறுவனத்தில் கோடைப் பயிற்சி

ஒரகடத்திலோ இருங்காட்டுக்கோட்டையிலோ உள்ள வாகனத் தொழிற்சாலையிலும், பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள மென்பொருள் நிறுவனத்திலும் கிடைக்கும் கோடைப் பயிற்சிக்கு உண்மையான பயன்கள் உண்டு. ஆயிரக்கணக்கானோர் வேலை செய்யும் இடத்தில் வேலை எப்படிப் பிரிக்கப்படுகிறது, ஒரு முடிவு எத்தனை கையெழுத்துகளைக் கடக்கிறது, பாதுகாப்புக் காலணி இல்லாமல் பட்டறைக்குள் ஏன் விடமாட்டார்கள், கூட்டம் முடிந்ததும் பேசியதை ஏன் எழுதி அனுப்புகிறார்கள் என்பவற்றையெல்லாம் பாடப்புத்தகத்தால் சொல்லித்தர முடியாது. வீட்டில் யாரும் அலுவலக வேலை பார்த்திராத முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு, அந்த வளாகத்துக்குள் நான்கு வாரம் நடமாடி, ஆங்கிலத்தில் நடக்கும் உரையாடல்களைக் காதில் வாங்கி, அங்கிருப்பவர்களும் தம்மைப் போன்றவர்கள்தாம் என்று உணர்வதே பெரிய ஆதாயம். அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை.

ஆனால் அங்கே மாணவரின் கையில் உண்மையான வேலை வருவது அரிது. அதற்கு நியாயமான காரணங்கள் இருக்கின்றன. உற்பத்தி வரிசை சில நிமிடம் நின்றாலும் இழப்பு பெரிது என்பதால் புதியவரின் கையை அதில் வைக்கவிடமாட்டார்கள். வாடிக்கையாளரின் தகவல்களைப் பாதுகாக்கும் ஒப்பந்தம் இருப்பதால் மென்பொருள் நிறுவனம் நான்கு வார மாணவருக்கு நடப்புப் பணியைத் திறந்துகாட்ட முடியாது. எனவே பயிற்சிக்கென்றே ஒரு மாதிரித் திட்டப்பணி தருகிறார்கள். அது சரியாக வந்தாலும் வராவிட்டாலும் நிறுவனத்தில் யாருடைய வேலையும் நிற்கப்போவதில்லை. யாருக்கும் தேவைப்படாத வேலையைத் திருத்துவதற்கு யாரும் நேரம் ஒதுக்குவதில்லை என்பதே இந்த வழியின் அடிப்படைக் குறை. பொறுப்பேற்ற பொறியாளர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அவருடைய அன்றாட இலக்குகளுக்குப் பிறகுதான் மாணவரின் கோப்பு அவர் கண்ணில் படும்.

இதே பெரிய நிறுவனங்கள் கடைசி செமஸ்டரில் தரும் ஐந்தாறு மாத இன்டர்ன்ஷிப்பை இதோடு சேர்த்து எண்ணக்கூடாது. கேம்பஸ் தேர்வில் எடுக்கப்பட்ட மாணவரை வேலைக்குச் சேரும் முன்பே உள்ளே அழைத்துப் பழக்கும் ஏற்பாடு அது. நாளை தம் குழுவில் உட்காரப்போகிறவர் என்பதால் அவருடைய பிழைகளைத் திருத்துவதில் குழுத் தலைவருக்கே சொந்த நலன் இருக்கிறது. அத்தகைய வாய்ப்பு வந்தால், கல்லூரி அனுமதிக்குமானால், தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். பிலானியில் உள்ள பிட்ஸ் பொறியியல் கல்வி நிறுவனம் 1970-களிலிருந்தே ஒரு செமஸ்டர் முழுவதையும் தொழிலகத்தில் கழிக்கும் முறையைப் பாடத்திட்டமாகவே வைத்திருக்கிறது, கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியின் சாண்ட்விச் படிப்பு ஐந்தாண்டு நீள்வதும் தொழிலகப் பயிற்சியைப் படிப்புக்கு இடையிடையே செருகுவதால்தான். நான்கு வாரம் போதாது என்பதை அவர்கள் எப்போதோ கணக்கில் எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

சிறிய நிறுவனத்தில் அரைநாள்

சென்னைக் கல்லூரி மாணவர்கள் பலருக்கு ஒரு வசதி இருக்கிறது. அதை அவர்கள் வசதியாகவே நினைப்பதில்லை. இங்குள்ள கலை அறிவியல் கல்லூரிகள் பலவும் இரண்டு ஷிப்டாக நடக்கின்றன. காலை ஷிப்ட் மாணவருக்கு மதியத்துக்குப் பிறகும், மாலை ஷிப்ட் மாணவருக்கு நண்பகல் வரையிலும் நேரம் கிடைக்கிறது. நாளொன்றுக்கு மூன்று மணி நேரம், வாரத்துக்கு ஐந்து நாள் என்று நான்கு மாதம் போனால் ஏறத்தாழ 240 மணி நேரம் ஆகும். ஆறு வார முழுநேரப் பயிற்சியின் அளவுதான் அது. ஆனால் ஒரே அளவு மணி நேரம் நான்கு மாதத்தில் பரவிக் கிடக்கும்போது அதன் தன்மை மாறிவிடுகிறது.

ஏன் என்பதை ஒரு ஆடிட்டர் அலுவலகத்தை வைத்துப் பார்க்கலாம். தி.நகரிலும் மயிலாப்பூரிலும் நுங்கம்பாக்கத்திலும் ஐந்து பேர், எட்டுப் பேர் வேலை பார்க்கும் ஆடிட்டர் அலுவலகங்கள் ஏராளம். அங்கே வேலை மாதத்துக்கு ஒரு முறை சுற்றி வருகிறது. பிடித்தம் செய்த வரியை 7-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். மாதந்தோறும் கணக்கு தருபவர்களின் விற்பனை விவரம் அடங்கிய ஜிஎஸ்டிஆர்-1 படிவம் 11-ஆம் தேதிக்குள் போக வேண்டும். 14-ஆம் தேதி, விற்றவர்கள் ஏற்றிய பில்களின் பட்டியலான ஜிஎஸ்டிஆர்-2பி வந்ததும் கொள்முதல் ஏட்டோடு ஒப்பிட்டு, எந்த வியாபாரி பில் ஏற்றவில்லை என்று கண்டுபிடித்துத் தொலைபேசியில் கேட்க வேண்டும். 20-ஆம் தேதிக்குள் வரி கட்டும் சுருக்கக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-3பி முடிய வேண்டும். முதல் மாதத்தில் பி.காம். மாணவர் இந்த ஒப்பீட்டைச் செய்யும்போது பில் எண்ணில் ஒரு கோடு, ஒரு பூஜ்யம் மாறியிருப்பதால் எக்செல் பொருந்தாது என்று காட்டும் பில்களையெல்லாம் விடுபட்டவை என்று எழுதி வைப்பார். சீனியர் அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு காட்டித் தருவார். இரண்டாம் மாதம் அந்தப் பிழை வராது; வேறொன்று வரும். மூன்றாம் மாதம் சீனியர் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு அனுப்பச் சொல்வார். நான்காம் மாதம் வாடிக்கையாளரிடம் பேசும் வேலையும் மாணவரிடமே வந்துவிடும். பாட்டு வகுப்பில் ஆசிரியர் அதே சங்கதியைத் திரும்பத் திரும்பப் பாடச் சொல்வதைப் போன்ற பயிற்சி இது. நான்கு வாரம் மட்டும் இருக்கும் மாணவர் இந்தச் சுற்றை ஒரே ஒரு தடவை பார்ப்பார். அதிலும் பாதியை வேடிக்கை பார்ப்பதிலேயே கழிப்பார். ஏப்ரலில் வங்கிக் கிளைத் தணிக்கை நடக்கும் பரபரப்பான நாட்களிலோ அவர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பார்.

மற்றத் துறைகளுக்கும் இதே தர்க்கம் பொருந்துகிறது, சுற்றின் நீளம்தான் வேறுபடும். அம்பத்தூர் தொழிற்பேட்டையிலோ கிண்டியிலோ உள்ள, பிற நிறுவனங்களுக்குப் பாகம் செய்து தரும் ஒரு ஜாப் ஒர்க் பட்டறையில், வரைபடத்தில் கேட்ட அளவுக்கும் கடைந்து எடுத்த பாகத்தின் அளவுக்கும் உள்ள வித்தியாசத்தை மைக்ரோமீட்டர் அன்றைக்கே சொல்லிவிடும். பாகம் ரிஜெக்ட் ஆனால் காரணம் கேட்கவும் ஆள் பக்கத்திலேயே நிற்பார். ராஜாஜி சாலையில் உள்ள சுங்க முகவர் அலுவலகத்தில் ஒரு இறக்குமதி ஆவணத்தில் சரக்கின் வகைப்பாட்டு எண் தவறாகப் போனால் வரி மாறிவிடும், சரக்கு துறைமுகத்திலேயே தங்கிவிடும் என்பதால், பதிவேற்றும் முன் முதலாளியே ஒரு முறை பார்ப்பார். வேளச்சேரியில் பத்துப் பேர் உள்ள மென்பொருள் நிறுவனத்தில் மாணவர் எழுதிய நிரல் அடுத்த வாரமே வாடிக்கையாளரிடம் போகப்போவதால், சேர்க்கும் முன் மூத்தவர் வரி வரியாகக் கேள்வி கேட்பார். இந்த இடங்களிலெல்லாம் திருத்துபவர் மாணவர் மீதுள்ள அன்பால் திருத்துவதில்லை. திருத்தாவிட்டால் தமக்கு நட்டம் என்பதால் திருத்துகிறார். அந்த நிர்ப்பந்தம் நல்லெண்ணத்தைவிட நம்பகமானது.

இன்னொன்றும் இருக்கிறது. இத்தகைய அலுவலகங்களில் வேலை பெரும்பாலும் தமிழில் பேசிக்கொண்டே நடக்கிறது. எழுதுவது மட்டும் ஆங்கிலத்தில். ஆங்கிலத்தில் கேள்வி கேட்கத் தயங்கும் மாணவர் இங்கே தயங்காமல் பத்துக் கேள்வி கேட்பார். கேள்வி கேட்கும் பழக்கம் முதலில் வரட்டும்; மொழி பின்னால் வந்து சேரும் என்பது என் எண்ணம். இதற்கு மாறாகக் கருதும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள், அவர்கள் சொல்வதிலும் பொருள் உண்டு: முதல் நேர்முகத் தேர்வில் மொழிதான் முதலில் சோதிக்கப்படுகிறது.

சிறிய நிறுவனத்தின் ஆபத்துகளையும் அதே அளவுக்கு வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். அங்கே பயிற்சித் திட்டம் என்று எதுவும் எழுதப்பட்டிருக்காது. ஆள் பற்றாக்குறை உள்ள இடமாக இருந்தால் மாணவரை ஜெராக்ஸ் எடுக்கவும், காசோலை வாங்கிவரவும், பழைய பில்களைத் தட்டச்சு செய்யவும் வைத்துவிடுவார்கள். நான்கு மாதம் கழிந்த பிறகும் அறிக்கையில் அரைப் பக்கம்தான் தேறும். முதலாளியின் மனநிலைக்கேற்ப அலுவலகம் நடக்கும். மனிதவளத் துறை என்று ஒன்று இராது. பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் பயிற்சி பெறுபவர்களையும் உள்ளடக்கியதுதான். ஆனால் உள் புகார்க் குழு அமைக்கும் கடமை பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களுக்கே உண்டு. அதற்குக் குறைவான இடங்களில் புகார் மாவட்ட அளவிலான குழுவுக்குப் போக வேண்டும். மாணவியரை அனுப்பும் துறைகள் இதை அறிந்திருப்பதோடு, அந்த அலுவலகத்தில் முன்பு இருந்த மாணவியரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அனுப்புவது நல்லது.

நல்ல சிறிய நிறுவனத்தையும் மோசமானதையும் பிரித்தறிய, சேரும் முன்பே ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கலாம்: ‘நான் செய்யும் வேலையை யார் பார்ப்பார்கள்?’ உடனே ஒருவரின் பெயரைச் சொன்னால் நம்பலாம். ‘எல்லாரும் பார்ப்பார்கள், நிறையக் கற்றுக்கொள்ளலாம்’ என்று பதில் வந்தால் யாரும் பார்க்கப்போவதில்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஆய்வு நிறுவனங்கள்

ஆய்வுப் பயிற்சியைப் பொறுத்தவரை சென்னைக்கு ஈடான ஊர்கள் இந்தியாவில் அதிகமில்லை. 1948-இல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், தரமணியில் கணித அறிவியல் நிறுவனம், கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையம், எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், பள்ளிக்கரணையில் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம், பொருளாதாரத்துக்கும் சமூக அறிவியலுக்கும் அடையாற்றில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம், தமிழ், வரலாற்று மாணவர்களுக்கு ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் என ஒரு பேருந்துப் பயணத்துக்குள் இத்தனையும் இருக்கின்றன. ஐஐடி மெட்ராஸ் கோடையில் வெளிக் கல்லூரி மாணவர்களுக்கென இரண்டு மாத ஃபெலோஷிப் நடத்துகிறது.

திருத்தம் என்ற அளவுகோலில் ஆய்வகம் நன்றாகவே தேறுகிறது. பேராசிரியர் பார்க்காவிட்டாலும் முனைவர் பட்ட மாணவர் ஒருவர் பக்கத்திலேயே இருப்பார். அளவீடு தவறினால் அவருடைய ஆய்வும் தவறும் என்பதால் விடமாட்டார். ஆனால் இங்கே கற்பது ஆய்வுத் தொழிலின் திறன்கள்: குறிப்பேடு எழுதுவது, ஒரே சோதனையைப் பலமுறை செய்வது, முடிவு வராத வாரங்களைப் பொறுத்துக்கொள்வது. முதுகலையோ ஆய்வுப் படிப்போ மனத்தில் இருந்தால் இதைவிடச் சிறந்த வழி இல்லை. பட்டம் முடித்த கையோடு வேலைக்குப் போயாக வேண்டும் என்று இருப்பவர் இதில் ஒரு கோடையைச் செலவிடுவதற்கு நான் ஆலோசனை சொல்லமாட்டேன்; மனிதவள அதிகாரி அந்தச் சான்றிதழை மரியாதையாகப் பார்த்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்.

பட்டத்துக்குப் பிறகு அப்ரெண்டிஸ்

குடும்ப நிலைமை காரணமாகப் படிக்கும்போது ஊதியமில்லாத பயிற்சிக்குப் போக முடியாதவர்கள் சென்னையில் மிகப் பலர். மாலையில் டியூஷன் எடுப்பவர்களும், வார இறுதியில் கேட்டரிங் வேலைக்குப் போகிறவர்களும், கடையில் கணக்கு எழுதுகிறவர்களும் ஒரு மாதம் இன்டர்ன்ஷிப் என்றால் அந்த மாத வருமானத்தை இழக்கிறார்கள். போதாததற்குத் தாம்பரத்திலிருந்து சிறுசேரிக்குப் பேருந்துச் செலவு, மதிய உணவுச் செலவு வேறு. சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணமில்லாததால் மாணவியருக்கு இதில் ஓரளவு ஆறுதல் உண்டு. இத்தகைய மாணவர்களிடம் ‘திறனை வளர்த்துக்கொள், பணத்தைப் பார்க்காதே’ என்று சொல்வது பொறுப்பற்ற பேச்சு. அவர்கள் பாடத்திட்டம் கேட்கும் குறைந்தபட்சப் பயிற்சியை வீட்டுக்கு அருகில் முடித்துவிட்டு, பட்டத்துக்குப் பிந்தைய அப்ரெண்டிஸ் வழியைக் குறிவைப்பதில் எந்தக் குறைவும் இல்லை.

1961-ஆம் ஆண்டு அப்ரெண்டிஸ் சட்டத்தின் கீழ் பட்டதாரிகளுக்கும் டிப்ளமோ படித்தவர்களுக்கும் ஓராண்டுப் பயிற்சி கிடைக்கிறது. 2014-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு பொறியியல் அல்லாத பட்டதாரிகளும் இதில் சேரலாம். முப்பது பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனங்கள் தம் ஆள்பலத்தில் குறைந்தது 2.5 சதவீதம் அப்ரெண்டிஸ்களை எடுத்தாக வேண்டும் என்பது விதி. 2019-இல் திருத்திய விதிகளின்படி பட்டதாரிக்கு மாதம் குறைந்தது 9,000 ரூபாயும் டிப்ளமோ படித்தவருக்கு 8,000 ரூபாயும் உதவித்தொகையாக நிர்ணயிக்கப்பட்டன. விண்ணப்பிக்கும்போது அன்றைய தொகை என்ன என்று பார்த்துக்கொள்ள வேண்டும். தென் மாநிலங்களுக்கான அப்ரெண்டிஸ் பயிற்சி வாரியம் தரமணியில் சி.ஐ.டி. வளாகத்திலேயே இருக்கிறது என்பது சென்னை மாணவருக்குக் கூடுதல் வசதி.

காலத்தின் நீளத்தில் இந்த வழியை மற்ற எதுவும் நெருங்க முடியாது. பன்னிரண்டு மாதத்தில் வேலையின் எல்லாப் பருவங்களையும் பார்த்துவிடலாம். நிறுவனமும் பணம் கொடுப்பதால் வேலை வாங்காமல் விடாது. ஆனால் சட்டத்தின் பார்வையில் அப்ரெண்டிஸ் ஒரு பயிற்சியாளர், தொழிலாளி அல்ல. பயிற்சி முடிந்ததும் வேலை தர வேண்டிய கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை. ஆண்டுதோறும் ஒரு தொகுதியை எடுத்து, ஒரே இயந்திரத்தின் முன் நிறுத்தி, ஆண்டு முடிவில் அனுப்பிவிட்டு அடுத்த தொகுதியை எடுக்கும் இடங்களும் இருக்கின்றன. சேரும் முன், போன ஆண்டு வந்தவர்களில் எத்தனை பேர் அங்கேயே பணியமர்த்தப்பட்டார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

2024 அக்டோபரில் முன்னோட்டமாகத் தொடங்கிய பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்தைச் சிலர் கல்லூரி இன்டர்ன்ஷிப்போடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். மாதம் 5,000 ரூபாய் என்று அறிவிக்கப்பட்ட அந்த ஓராண்டுத் திட்டம் தொடங்கியபோது 21 முதல் 24 வயது வரை உள்ள, முழுநேரப் படிப்பில் இல்லாதவர்களுக்கென்றே வகுக்கப்பட்டது. எனவே அந்த விதிப்படி வழக்கமான கல்லூரியில் படித்துக்கொண்டிருப்பவர் அதைக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை; இன்றைய விதி என்ன என்று பார்த்துக்கொள்ள வேண்டும். தொலைநிலைக் கல்வியில் படிப்பவர் பார்க்கலாம்.

பணம் கட்டி வாங்கும் இன்டர்ன்ஷிப்பை நான் ஐந்தாவது வழியாகச் சேர்க்கவில்லை. ஆயிரமோ மூவாயிரமோ வாங்கிக்கொண்டு, பதிவு செய்த காணொளிகளை அனுப்பி, வாரக் கடைசியில் சான்றிதழ் தரும் இணையவழிக் கடைகள் பெருகியிருக்கின்றன. கிரெடிட் கணக்குக்காக அதை ஏற்றுக்கொள்ளும் கல்லூரிகளும் உண்டு. அதில் திருத்துபவரே கிடையாது.

பெயருக்கு உள்ள மதிப்பு

நிறுவனத்தின் பெயரை அடியோடு ஒதுக்கிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நூற்றுக்கணக்கான விண்ணப்பங்களை ஒருவர் வேகமாகப் புரட்டும்போது அறிந்த பெயர் கண்ணில் படும். அந்த முதல் சல்லடையில் ஒரகடத்துத் தொழிற்சாலையின் பெயர் அம்பத்தூர்ப் பட்டறையின் பெயரை வென்றுவிடும். ஆனால் சல்லடையைத் தாண்டிய பிறகு கேட்கப்படும் முதல் கேள்வி ‘அங்கே நீங்கள் என்ன செய்தீர்கள்?’ என்பது, இரண்டாவது கேள்வி ‘அதில் என்ன சிக்கல் வந்தது?’ என்பது. சிக்கல் எதையும் சந்திக்காதவர் இரண்டாவது கேள்வியில் நின்றுவிடுவார். அங்கே பட்டறையில் இருந்தவர் நிறுத்தாமல் பேசுவார்.

ஆகவே மாணவர் எந்தச் சல்லடையின் முன் நிற்கப்போகிறார் என்பதையும் பார்க்க வேண்டும். கேம்பஸுக்கே நிறுவனங்கள் வரும் கல்லூரியில் படிப்பவருக்குச் சல்லடை ஏற்கெனவே முக்கால்வாசி கடந்தாயிற்று; அவருக்குப் பெயரைவிட வேலைதான் தேவை. எந்த நிறுவனமும் வராத கல்லூரியில் படிப்பவருக்குப் பெயர் ஓரளவு உதவும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் கோடையில் இரண்டு வாரமோ நான்கு வாரமோ பெரிய நிறுவனத்தில் முடித்துவிட்டு, ஐந்தாம் செமஸ்டரில் அரைநாள் பயிற்சியைச் சிறிய நிறுவனத்தில் தொடரலாம். இரண்டையும் செய்ய நேரமும் பயணச் செலவும் தாங்கும் என்றால் நான் பரிந்துரைப்பது இந்தச் சேர்க்கையைத்தான். ஒன்றுதான் முடியும் என்றால், திருத்துபவர் ஒருவர் இருக்கிறார் என்று உறுதியான பிறகு, சிறிய நிறுவனத்தில் நான்கு மாதம். ஷிப்ட் முறை இல்லாத, மாலை நான்கு வரை வகுப்பு நடக்கும் பொறியியல் கல்லூரி மாணவருக்கு இது நடைமுறையில் கடினம். அவர் ஆறு வாரக் கோடைப் பயிற்சியை ஒரே சிறிய பட்டறையிலோ நிறுவனத்திலோ முழுமையாகச் செலவிடுவது அடுத்த சிறந்த தேர்வு. பட்டயக் கணக்காளர் ஆக விரும்பும் பி.காம். மாணவர் இதில் அதிகம் யோசிக்கத் தேவையில்லை. சி.ஏ. இன்டர்மீடியட் தேர்வில் தேறிய பின் அவருக்கு ஆடிட்டரிடம் இரண்டாண்டு ஆர்ட்டிகிள்ஷிப் பயிற்சி எப்படியும் காத்திருக்கிறது, கல்லூரிக் காலத்தைத் தேர்வுக்குப் படிப்பதில் செலவிடுவதே நல்லது.

கடிதமும் காலமும்

கல்லூரியின் பரிந்துரைக் கடிதம் இல்லாமல் பெரிய நிறுவனங்களும் ஆய்வகங்களும் சேர்ப்பதில்லை. துறைத்தலைவர், முதல்வர் என்று இரண்டு மேசைகளைக் கடந்து அது கைக்கு வர நாளாகும். அரைநாள் பயிற்சிக்குப் போகிறவர்கள் 75 சதவீத வருகைப் பதிவு குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பயிற்சிக்காக வகுப்பைத் தவறவிட்டால் அதற்கு விலக்கு கிடைக்கும் என்று யாராவது வாய்வார்த்தையாகச் சொன்னால் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். நிறுவனத்திடமிருந்தும் ஒரு தாளாவது பெற வேண்டும்: தொடக்க நாள், முடிவு நாள், நேரம், ஸ்டைபண்ட் உண்டா இல்லையா, யாருடைய மேற்பார்வையில் என்ற ஐந்து விவரங்கள் அதில் இருந்தால் போதும். சிறிய அலுவலகங்கள் இப்படிக் கடிதம் தந்து பழக்கமில்லாதவை என்பதால் மாணவரே ஒரு வரைவைத் தயாரித்துக்கொண்டு போய்க் கையெழுத்து வாங்கலாம்.

கோடை ஆய்வுப் பயிற்சிகளுக்கான விண்ணப்பங்கள் ஆண்டின் தொடக்க மாதங்களிலேயே முடிந்துவிடுகின்றன. மே மாதத்தில் நினைத்துக்கொண்டு ஓடினால் இடமிருக்காது. பெரிய நிறுவனங்களுக்கும் பிப்ரவரி, மார்ச்சுக்குள் கடிதம் போய்ச் சேர வேண்டும். அதைத் தவறவிட்டவர், ஏப்ரலில் தேர்வுக்கு நடுவே நிறுவனம் நிறுவனமாக மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருப்பதைவிட, தம் துறையில் படித்து முடித்து இப்போது ஏதாவது ஓர் ஆடிட்டர் அலுவலகத்திலோ பட்டறையிலோ சிறு நிறுவனத்திலோ வேலை பார்க்கும் இரண்டு மூன்று சீனியர்களைத் தொலைபேசியில் அழைத்து, ஜூன் இறுதியில் கல்லூரி திறந்ததும் அரைநாள் வர முடியுமா என்று கேட்பது பலன் தரும். ஜூலைக் கெடுவுக்காக வருமான வரிக் கணக்குகள் குவியும் அந்த நாட்களில் ஆடிட்டர் அலுவலகங்களுக்கு ஆள் தேவைப்படும்.